புளூபெல் காட்டில் மாமாவுக்குப் படைத்தது

எட்மண்டன், லண்டன்.
மாமாவின் திதி கழிந்து ஒன்பதாம் நாள்.

பேர்ண் நகரில் வதியும் என் பெருமதிப்புக்குரிய மச்சான் சண்முகராசா அவர்களுக்கு, அருட்பிரகாசம் தாழ்மையுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் தங்கை பாலாம்பிகையும் மகள் கஜந்தினியும் சுகம். எனக்கு இரத்தத்தில் சீனி ஒன்பதில் நிற்கிறது, பாலாவுக்கு ஏழில் நிற்கிறது, மற்றும்படி முருகன் புண்ணியத்தில் ஒரு குறையுமில்லை. அதேபோல நீங்களும் மாலினி அக்காவும் நீங்கள் தலைவராக இருக்கும் கோவிலும் ஒரு குறையுமின்றி இருக்க வேண்டுகிறேன்.

வாட்ஸப்பில் ஒரு வரி தட்டிவிட்டால் முடிகிற காரியத்துக்கு இவனென்ன முத்திரை ஒட்டிக் கடிதம் எழுதுகிறான் என்று நீங்கள் நெற்றியைச் சுருக்குவது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. காரணம் இருக்கிறது. நம் குடும்பக் குழுவில் நாற்பத்து மூன்று பேர். தனியாக அனுப்பலாமென்றால் என் போனை எனக்கு முதலே உங்கள் தங்கை வாசித்து முடித்துவிடுவாள். இது அவளுக்குத் தெரியக்கூடாத விசயம். நான் ஒரு காட்டுக்குள் வைத்துப் பெரிய பிழையொன்று செய்துவிட்டேன். அதற்கு என்ன பரிகாரம் என்று உங்கள் கோவில் ஐயரிடம், தெரிந்த ஒருவர் கேட்டார் என்று, என் பெயரைச் சொல்லாமல் கேட்டு எழுத வேண்டும். என்ன பிழை என்பதை வரிசையாகச் சொல்லுகிறேன். உங்களுக்குப் பிரஷர் இருக்கிறது, குளிசையைப் போட்டுவிட்டு வாசியுங்கள்.

உங்கள் அப்பா, என் மாமா, என்னை மருமகனாக ஏற்றுக்கொள்ளாத கதையை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கதவைச் சாத்தியபோது உள்ளே நின்றவர் நீங்கள். சைவப் பாடசாலைத் தலைமை வாத்தியார், வெங்காயம்கூட நாள் பார்த்துத்தான் சாப்பிடுவார் என்று ஊர் சொன்ன மனிதர், "மச்சம் தின்னுற வீட்டிலை என்ரை பிள்ளையைக் குடுக்க மாட்டன்" என்று சொன்னதில் எனக்குக் கோபமில்லை. எங்கள் வீட்டில் மீனும் இறைச்சியும் தின்றோம்தான். மீன் கழுவின தண்ணீரில்தான் எங்கள் முருங்கையே வளர்ந்தது. நாங்கள் கொழும்பில் கையெழுத்து வைத்துக் கலியாணம் முடித்து லண்டன் வந்து சேர்ந்தோம், அவர் ஒரு வரி எழுதவில்லை, இவளும் எழுதவில்லை, இருபத்தாறு வருடங்களுக்கு முன் அப்பா போய்விட்டார் என்று நீங்கள்தான் போனில் சொன்னீர்கள். அன்றைக்கு இவள் அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஆண்பிள்ளை என்ற முறையில் திதி செய்கிறவர் நீங்கள். ஆனாலும் இவள் ஒவ்வொரு சித்திரையிலும் அந்தத் தேய்பிறை நவமிக்குத் தன்பாட்டுக்குக் குளித்து, ஐந்து மரக்கறி காய்ச்சி, வடை சுட்டு, வாழையிலையில் படைத்து, காகம் வந்து ஒரு வாய் தொட்டால்தான் அப்பா ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம் என்பதால், இலையைக் கொண்டுபோய்த் தோட்டத்துக் கொட்டில் கூரையில் வைத்துவிட்டுக் குசினி யன்னலால் பார்த்துக்கொண்டு நிற்பாள். மச்சான், எட்மண்டனில் என்னதான் வரவில்லை! புறா வந்தது. கடலே இல்லாத இடத்துக்குக் கடற்பறவை வந்து இலையோடு தூக்கிக்கொண்டு போனது. அணில் வடையை மட்டும் பொறுக்கிக்கொண்டு வேலியில் குந்தியிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டே தின்றது. ஒரு வருடம் பட்டப்பகலில் நரி வந்து பாயாசம் குடித்தது. பக்கத்து வீட்டு எமில்டா எலி வருகிறதென்று முறைப்பாடு வைத்து, கவுன்சிலில் இருந்து கடிதமும் வந்தது. காகம் மட்டும் வரவில்லை. பின்னேரம் மூன்று மணிவரை பார்த்துவிட்டு, "அப்பாக்குக் கோவம் இன்னும் ஆறேல்லை" என்று சொல்லி, தானும் சாப்பிடாமல் எல்லாவற்றையும் மூடி வைத்துவிடுவாள். அந்த நேரம் பார்த்து உங்களிடம் இருந்து ஒரு வீடியோ வரும், பேர்ணில் காகம் இரண்டு நிமிடத்தில் வந்திட்டுது என்று. நீங்கள் கெட்ட எண்ணத்தில் அனுப்பவில்லை, எனக்குத் தெரியும். ஆனால் அதை இவள் எத்தனை தரம் போட்டுப் போட்டுப் பார்ப்பாள் என்று உங்களுக்குத் தெரியாது.

இந்த வருடம், திதிக்கு ஒரு கிழமை முன்னர், பயறு வறுத்துக்கொண்டு நின்றவள் அகப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "இஞ்சருங்கோ, இந்த முறையும் காகம் வராட்டி இதோடை நான் நிப்பாட்டுறன். என்ரை கையாலை அவருக்கு வேண்டாமெண்டால் நான் ஏன் வருசா வருசம் கரைச்சல் குடுக்கவேணும்?" குரலில் அழுகை இல்லை மச்சான். இனி பஸ் வராது, நடப்பம் என்று சொல்லுகிற குரல். இவள் நிப்பாட்டினால் அது திதியை நிப்பாட்டுவதல்ல, அப்பாவையே கைவிடுவது என்று எனக்கு விளங்கியது. அதற்குக் காரணம் நான். என்னைக் கட்டியதற்கு இவள் கொடுத்த விலை அது.

எங்கள் கஜந்தினி குரோய்டனில் மருந்துக்கடையில் வேலை, சனி ஞாயிறு எங்களோடு நிற்பாள். அவள்தான் வழி சொன்னாள். "அம்மா, டோன்ட் கிவ் அப். லண்டன்லை இருக்கிற குரோஸ் எல்லாம் சிக்கின் பெட்டிக்குள்ளை சாப்பிட்டுப் பழகினது. கன்ட்ரிசைட்டுக்குப் போவம். அங்கை ப்ரொப்பர் குரோஸ் இருக்கும்." திதியும் ஞாயிற்றுக்கிழமையில் வாய்த்தது. விடியக் காலமை எழும்பிச் சமைத்து, ஐந்தடுக்குச் சாப்பாட்டுக் கரியர், வாழையிலை, செம்பு, விபூதித் தட்டம் எல்லாவற்றையும் காரில் ஏற்றிக்கொண்டு வெளிக்கிட்டோம். பாலா கூறைச்சேலை போலக் கரைபோட்ட பட்டு உடுத்து, மேலே மழைக்கோட்டுப் போட்டு, காலுக்கு மகளின் ஓடுகிற சப்பாத்து. நான் வேட்டி, வேட்டிக்குக் கீழே கம்பளிக் காற்சட்டை, அதற்கும் மேலே என் பழைய கறுப்புக் கோட்டு. எம் இருபத்தைந்து பெருந்தெருவைத் தாண்டி நாற்பது நிமிடத்தில் ஹேர்ட்ஃபோர்ட்ஷயர் பக்கம் ஒரு காட்டு வாசலில் கஜந்தினி காரை நிற்பாட்டினாள்.

இனி அந்தக் காட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். காடு என்றால் எனக்கு வன்னிதான். ஊரைவிட்டு வரும்போது இரண்டு நாள் அதற்குள்ளால் சைக்கிள் உருட்டிக்கொண்டு வந்தவன் நான். சண்டைக் காலம், சுள்ளி முறிந்தாலும் குப்புற விழுந்து கிடந்தோம். ஒரு அலுவலும் இல்லாமல், ஒருவரும் துரத்தாமல், தலையில் மூட்டை இல்லாமல், ஆசைப்பட்டுக் காட்டுக்குள் போகிற சனத்தை என் சீவியத்தில் அன்றைக்குத்தான் பக்கத்தில் கண்டேன். ஒரு கிழவனும் கிழவியும் கையைக் கோத்துக்கொண்டு வந்தார்கள். எங்கே போகிறார்கள்? எங்கேயும் இல்லை. சுற்றிவிட்டுத் திரும்பி அதே காருக்கு வருவார்கள். இப்படியொரு காட்டையும் இப்படியொரு நடையையும் மனிதருக்கு வைத்திருக்கிற நாடு நல்லாயிருக்க வேண்டும் என்று மனதார நினைத்தேன்.

உள்ளே போனால், ஐயோ மச்சான், நீலம்! புளூபெல் என்று ஒரு பூ. மரத்துக்குக் கீழே கண்ணுக்கு எட்டின மட்டும் அதுதான். மண் தெரியவில்லை. நவராத்திரிக்குக்கூட ஒரே இடத்தில் இவ்வளவு பூவை நான் கண்டதில்லை, அதில் ஒருவர் ஒன்றைப் பறிக்கவில்லை! எங்கள் ஆட்களிடம் விட்டிருந்தால் காலமை ஆறு மணிக்கு முதலே எல்லாம் கோவில் மாலைக்குப் போயிருக்கும். பாலாவின் வலக்கை இரண்டு தரம் கீழே போனதை நான் கண்டேன். இரண்டு தரமும் அவளே அதை இழுத்து மழைக்கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள். மரத்தில் அப்போதுதான் தளிர் விட்டிருந்தது. அதற்குள்ளால் வந்த வெளிச்சம் பட்டு இவள் முகம் கொழும்பில் கையெழுத்து வைத்த அன்று இருந்த மாதிரியே இருந்தது. சொல்லவும் சொன்னேன். "விசர்க்கதை கதையாமல் கரியரை ஆட்டாமல் கொண்டு வாங்கோ" என்றாள்.

அமைதியான இடம் என்று கஜந்தினி சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போனாள். அந்த அமைதியை நாங்கள் எப்படிப் பாழாக்கினோம் என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். முதலில், வாசலிலேயே ஒரு மரப் படலை. ஒரு ஆள் உள்ளே போய், படலையை மற்றப் பக்கம் தள்ளிவிட்டு, நெளிந்து வெளியே வருகிற மாதிரி ஒரு விநோத வேலைப்பாடு. மாடு ஆடு வெளியே போகாமல் இருக்கவாம். ஐந்தடுக்குக் கரியரோடு ஒரு பட்டுச்சேலைக்காரியும் வெளியே போகமுடியாது என்பதை அதைச் செய்தவர் யோசிக்கவில்லை. பாலா நடுவில் இறுகிவிட்டாள். முன்னாலும் போகமுடியாது, பின்னாலும் வரமுடியாது. எங்களுக்குப் பின்னால் ஏழு பேர் வரிசையாக நின்றார்கள். ஒருவர் முணுமுணுக்கவில்லை, ஒருவர் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. ஒரு உயரமான மனிதர் கரியரைப் படலைக்கு மேலால் வாங்கி, ஏதோ கைக்குழந்தையைப் பிடிக்கிற பக்குவத்தில் பிடித்துத் தந்தார். பிறகு ஒரு லப்ரடோர் நாய் எங்கள் பாதையைக் கண்டுபிடித்து வந்து, நான் "ஹேய்" என்று சொல்ல முதல் மூடி கழன்றிருந்த கரியரில் இருந்து ஒரு வடையைக் கவ்விவிட்டது. நாய்க்குச் சொந்தக்காரி பதினைந்து தரம் "சொறி, சொறி" என்று மன்னிப்புக் கேட்டாள். வடை தீர்ந்ததற்கு அவள் கண் கலங்கியதைப் பார்த்து நாங்கள்தான் அவளுக்கு ஆறுதல் சொல்லவேண்டி வந்தது. பாலா இருபது வடை சுட்டிருந்தாள், அது அந்த மனுசிக்குத் தெரியாதுதானே.

ஒரு வெளியான இடத்தில் இலையை விரித்துப் படைத்துவிட்டு நான் அண்ணாந்து "கா... கா... கா..." என்று கூப்பிட்டேன். உங்களுக்குத் தெரியும், என் குரல் தேர் இழுக்கிற குரல். காடு முழுக்க எதிரொலித்தது. காகம் வரவில்லை, இருந்த குருவிகளும் போய்விட்டன. வேட்டியோடு ஒருவன் மரத்தைப் பார்த்துக் காகம் மாதிரிக் கத்துகிறான், பக்கத்தில் பட்டுச்சேலையில் ஒருத்தி கும்பிட்டுக்கொண்டு நிற்கிறாள். இது எங்களூர் என்றால் பதினைந்து பேர் கூடி, என்ன ஏது, எந்தப் பகுதி, ஆரின்ரை மகன் என்று விசாரித்து, பத்துப் பேர் பிழையான ஆலோசனை சொல்லியிருப்பார்கள். இங்கே ஒவ்வொருவராக வந்து, நேராகப் பார்த்து, "குட் மோர்னிங், லவ்லி டே" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஒரு கேள்வி இல்லை! மனிதனை மனிதன் அவன்பாட்டுக்கு விடுகிற இந்தப் பழக்கத்தை நான் முப்பத்து நாலு வருடமாகக் குளிர்ந்த குணம் என்று நினைத்திருந்தேன். அது மரியாதை மச்சான். அன்றைக்குத்தான் விளங்கியது.

கடைசியில் ஒருத்தி வந்தாள். பச்சைக் கோட்டு, கழுத்தில் தூரப்பார்வைக் கண்ணாடி, அறுபது வயதிருக்கும். ஷெறோன் என்று பெயர். காட்டைச் சம்பளமில்லாமல் பார்த்துக்கொள்கிற ஆட்களில் ஒருத்தி. சரி, பேச்சு வாங்கப்போகிறோம் என்று நான் இலையை மறைத்துக்கொண்டு நின்றேன். ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டாள். நானும் மறைக்காமல், இவளின் அப்பா காலமாகிவிட்டார், இன்றைக்கு அவருடைய நாள், காகமாக வந்து சாப்பிட வேண்டும், வருகிறாரில்லை என்று சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவர் வழக்கமாக எத்தனை மணிக்குச் சாப்பிடுவார்?" என்று கேட்டாள். உங்கள் தங்கை உடனே, "பன்னிரண்டரை" என்றாள். ஷெறோன் மணிக்கூட்டைப் பார்த்து, "அப்படியானால் நேரம் இருக்கிறது" என்றாள். இந்த மனுசியைக் கோவில் கட்டிக் கும்பிட்டாலும் தகும்.

இப்போது காகங்கள் கூடு கட்டி இருக்கிற காலம், ஆள் நிற்கிற இடத்துக்கு வராது, கத்தினால் நிச்சயமாக வராது என்று சொல்லி, எங்களைக் காட்டின் ஓரத்துக்கு, வயல் தொடங்குகிற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இலையைப் புல்லில் வைக்கச் சொன்னாள். எங்களை ஒரு விழுந்த மரத்தில் இருத்திவிட்டு, அசையக்கூடாது, கதைக்கக்கூடாது என்றாள். மச்சான், நானும் உங்கள் தங்கையும் கலியாணம் முடித்த நாளில் இருந்து, நித்திரை தவிர்த்து, இருபது நிமிடம் சேர்ந்தாற்போல் கதைக்காமல் இருந்தது அன்றைக்குத்தான். முதல் ஐந்து நிமிடம் எனக்குக் காது இரைந்தது. பிறகு ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கியது. மரம் மரத்தோடு உரசுகிற சத்தம். எங்கேயோ மரங்கொத்தி தட்டுகிற சத்தம். பாலா மூச்சு விடுகிற சத்தம். இவள் மூச்சு இப்படித்தான் என்று எனக்கு இவ்வளவு காலம் தெரியாது. சத்தமில்லாவிட்டால் பயப்பட்டுப் பழகின ஆட்கள் நாங்கள், எனக்கு அங்கே பயம் வரவில்லை. அப்படியே இருந்திருக்கலாம் போல இருந்தது.

பன்னிரண்டரைக்குச் சரியாக ஒரு காகம் வந்தது! முழுக் கறுப்பு, பெரிய காகம், வந்து வேலிக் கட்டையில் இருந்து இலையைப் பார்த்தது. ஷெறோன் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அது கீழே இறங்க ஒரு கால் எடுத்து வைத்தது. உங்கள் தங்கை சட்டென்று எழும்பி, "சூ! போ! அண்டங்காகம்!" என்று மழைக்கோட்டை உதறிக் கலைத்தே விட்டாள். அது போய்விட்டது. "அம்மா! தட் வோஸ் த குரோ!" என்று கஜந்தினி தலையில் கைவைத்தாள். "உதோ காகம்? கழுத்திலை சாம்பல் எங்கை? அப்பாவை அண்டங்காகமாய் வரவிடுவனே நான்?" என்றாள் இவள். எங்கள் ஊர்க் காகத்துக்குக் கழுத்துச் சாம்பல் நிறம்தானே. இந்த நாட்டுக் காகம் முழுக்கக் கறுப்பு என்று ஷெறோன் எவ்வளவோ பக்குவமாகச் சொல்லியும், "காகம் எது எண்டு எனக்கு ஆரும் படிப்பிக்கத் தேவையில்லை" என்று இருந்துவிட்டாள். இருபத்தாறு வருடத்தில் வந்த ஒரேயொரு காகம்.

முருகன் கண்ணைத் திறந்தான். கால் மணித்தியாலம் கழித்து இன்னொன்று வந்தது. கொஞ்சம் சின்னது, கழுத்தில் நல்ல சாம்பல், வெள்ளைக் கண். புல்லில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வகுப்புப் பார்க்கிற வாத்தியார் மாதிரி நடந்து வந்தது. "இதுதான் எங்கடை காகம்" என்றாள் பாலா. ஷெறோன் எனக்கு மட்டும் கேட்க, அது காகமில்லை, ஜக்டோ என்று வேறொரு பறவை என்றாள். இவளுக்கோ பாம்புச் செவி. திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். ஷெறோன் அந்தப் பார்வையைப் பார்த்துவிட்டு, "ஆனால் காகக் குடும்பம்தான்" என்றாள். "குடும்பமெண்டால் சரி" என்று பாலா கையைக் கூப்பினாள்.

அது இலையைச் சுற்றி ஒரு தரம் நடந்தது. சோற்றைப் பார்த்தது. கத்தரிக்காய்ப் பால்கறியைப் பார்த்தது. வடையைச் சொண்டால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு விலகி நின்றது. தொடவில்லை. மற்றப் பக்கம் திரும்பி வயலைப் பார்த்துக்கொண்டு நின்றது. பாலா மெல்லமாகச் சொன்னாள், "அப்பா, சாப்பிடுங்கோ." அது அசையவில்லை. "அப்பா, நான் பாலா வந்திருக்கிறன்." அவ்வளவுதான், இவளின் கண்ணால் நீர் தாரையாக ஓடத் தொடங்கியது. இருபத்தாறு வருடத்துக்கு முன் வராத அழுகை அன்றைக்கு வந்தது. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு தேவாரம் முணுமுணுத்தாள். அந்தப் பறவை போவதற்குச் செட்டையை விரித்தது.

மச்சான், இந்த இடத்தில் நீங்கள் எழும்பி நின்றால் தயவுசெய்து இருங்கள். என் கோட்டுப் பொக்கற்றில் அரைவாசி மட்டன் ரோல் இருந்தது. முதல் நாள் கடையில் வாங்கியது. திதி முடியும்வரை பட்டினி என்றால் எனக்குச் சீனி இறங்கிவிடும், அதற்காகத்தான். அரைவாசியை நான் ஒதுங்கப் போகிற சாட்டில் ஒரு மரத்துக்குப் பின்னால் நின்று சாப்பிட்டுவிட்டேன். ஓம், திதி நாளில். சாப்பிட்ட பாவம் ஒரு பக்கம் இருக்கட்டும். நான் யோசிக்கவேயில்லை, கை தானாகப் போனது. மற்ற அரைவாசியை எடுத்து, மாமாவின் படையல் இலையில், சோற்றுக்குப் பக்கத்தில், எறிந்துவிட்டேன். அது விழுந்ததும் தெரியாது, அந்தப் பறவை கவ்வியதும் தெரியாது. ஒரே தாவல்! வாய் நிறைய அடைத்துக்கொண்டு மேலே எழும்பியது. செட்டைச் சத்தம் கேட்டு பாலா கண்ணைத் திறந்தாள். வாயில் எதையோ கொண்டு அது காட்டுக்குள் போவதைக் கண்டாள். "அப்பா எடுத்திட்டார்! இஞ்சருங்கோ, அப்பா எடுத்திட்டார்!" என்று என்னைக் கட்டிப்பிடித்தாள், மகளைக் கட்டிப்பிடித்தாள், ஷெறோனையும் கட்டிப்பிடித்தாள். ஷெறோன் நான் எறிந்ததை முழுக்கக் கண்டவள். தூரப்பார்வைக் கண்ணாடியால் கண்டவள். என்னை ஒரு தரம் பார்த்தாள், பிறகு உங்கள் தங்கையின் முதுகைத் தடவிக்கொண்டு, "அவருக்கு நல்ல பசி போல" என்று மட்டும் சொன்னாள். மிச்ச வடையை எல்லாம் அவளுக்கே கட்டிக் கொடுத்தோம்.

அன்றைக்கு இருந்து வீடு வேறு வீடு. இவள் அன்றைக்கு இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டாள். பெட்டிக்குள் கவிழ்த்து வைத்திருந்த மாமாவின் படத்தை எடுத்துத் துடைத்து ஹோல் சுவரில் கொழுவிவிட்டாள், நான் வாற போற நேரம் எல்லாம் அவர் என்னையே பார்க்கிறார். குசினிக்குள் பாட்டுக் கேட்கிறது. எமில்டாவுக்குக்கூடப் பாயாசம் போனது. நான் மட்டும் நித்திரையில்லாமல் கிடக்கிறேன். வெங்காயத்துக்கு நாள் பார்த்த மனிதருக்கு, அவருடைய திதியில், அவர் வேண்டாமென்ற மருமகன், ஆட்டிறைச்சி படைத்திருக்கிறேன். சொன்னால் இவளின் சந்தோசம் போய்விடும். சொல்லாவிட்டால் என் சந்தோசம் போய்விட்டது. அறப்படித்தவன் கூழ்ப்பானைக்குள் விழுந்த கதை என்னுடையது. ஆகவே மச்சான், எனக்கு என்ன தண்டனை என்றாலும் ஐயர் சொல்லட்டும், நூற்றெட்டுத் தேங்காய் என்றாலும் உடைக்கிறேன், மொட்டை என்றாலும் போடுகிறேன். இவளுக்கு மட்டும் தெரியவேண்டாம். அந்தக் காட்டை எண்ணினால் இப்பவும் மனம் குளிருகிறது, பொக்கற்றை எண்ணினால் பத்துகிறது.

மாலினி அக்காவுக்கு எங்கள் அன்பு. உங்கள் கோவில் கொடியேற்றம் மழையில்லாமல் நடக்கவும், உங்கள் பிரஷர் நூற்று முப்பதைத் தாண்டாமல் இருக்கவும் பிரார்த்தித்து, உங்கள் காலடியில் பிழை பொறுக்கக் கேட்டு நிற்கும்,

தங்கள் மைத்துனன்,
அருட்பிரகாசம்.

பி.கு.: அண்ணை, இது பாலா எழுதுறன். இருபது வருசமாய் உங்களுக்கு ஒரு வரி எழுதாத மனுசன் திடீரெண்டு உங்கடை விலாசம் கேட்டால், நான் பிரிச்சுப் பாராமல் விடுவனே? ஐயரைக் கேக்க வேண்டாம். கண்ணை மூடித் தேவாரம் சொன்னாப்போலை நான் அரைக் கண்ணாலை பாக்காமல் இருப்பன் எண்டு இவருக்கு ஆர் சொன்னது? ரோல் விழுந்ததும் கண்டனான், அது தூக்கினதும் கண்டனான். எங்களின்ரை அப்பா சனிக்கிழமையிலை பஞ்சாங்கம் வாங்கப் போறன் எண்டு பஸ் ஏறி ரவுணுக்குப் போறவரெல்லே, அங்கை கடைக்குப் பின்பக்கம் நிண்டு மட்டன் ரோல் சாப்பிடுறவர். ஒருநாள் ரியூசன் முடிஞ்சு வந்த நான் கண்டிட்டன். எனக்கும் ஒண்டு வாங்கித் தந்து, வாய் கொப்பிளிக்கத் தண்ணி வாத்து, "அம்மாக்குச் சொல்லாதை, அண்ணைக்குச் சொல்லவே கூடாது, அவன் என்னை வீட்டுக்குள்ளை எடுக்கமாட்டான்" எண்டு சத்தியம் வாங்கினவர். நானும் சொல்லேல்லை. மச்சம் தின்னுற வீட்டிலை குடுக்கமாட்டன் எண்டு அவர் முற்றத்திலை நிண்டு கத்தின நேரம் நான் ஒரு சொல்லுச் சொல்லியிருந்தால் காணும், அப்பவும் சொல்லேல்லை. அப்பாக்குக் கோவம் ஆறேல்லை எண்டு நான் சொல்லித் திரிஞ்சது பொய் அண்ணை, ஆறாமல் இருந்தது எனக்குத்தான். இப்ப ஆறீட்டுது. இவர் கொஞ்ச நாளைக்கு நித்திரையில்லாமல் கிடக்கட்டும், திதி நாளிலை மரத்துக்குப் பின்னாலை நிண்டு சாப்பிட்டதுக்கு அது காணும். அந்தக் காகம் சோத்தைத் தொட்டிருந்தால்தான், அண்ணை, அது வேறை ஆரோவின்ரை அப்பா எண்டு நான் எழும்பி வந்திருப்பன்.